அந்த நீள வார்டு ஏன் அப்படி இருக்கிறது?

பழைய பெரியாஸ்பத்திரிகளில் யாரையாவது பார்க்கப் போனவர்களுக்கு இந்தக் கூடம் பழக்கமானது. நீளமாக ஒரே அறை. இரண்டு பக்கச் சுவரோரமும் வரிசையாக இரும்புக் கட்டில்கள். அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் கூரை. எதிரெதிர்ச் சுவர்களில் ஆளுயரத்தைத் தாண்டிய ஜன்னல்கள். நர்ஸின் அறை வாசலருகே இருக்கும், கழிப்பறை மட்டும் எதிர்க்கோடியில். காசில்லாத ஏழைகளுக்கு இது போதும் என்று யாரோ கட்டிவிட்டுப் போன கொட்டகை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நோயாளியின் தலைமாட்டில் நின்று வியர்வை துடைக்கும்போது அப்படி நினைப்பதில் வியப்பும் இல்லை.

ஆனால் அந்தக் கூடத்தில் தற்செயலாக அமைந்தது எதுவுமே இல்லை. அகலம் ஏன் 30 அடியை ஒட்டி நிற்கிறது, ஜன்னல் ஏன் கூரைவரை ஏறுகிறது, கழிப்பறை ஏன் அத்தனை தூரத்தில், கட்டில் ஏன் மரத்தில் இல்லாமல் இரும்பில் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிவைத்த காரணம் உண்டு. இந்த அமைப்பைக் கட்டடக் கலைக்காரர்கள் பெவிலியன் முறை என்பார்கள். ஏறக்குறைய நூறாண்டு காலம் உலகம் முழுக்க மருத்துவமனை என்றால் இதுதான். அது எப்படி வந்தது, ஏன் போனது என்று தெரிந்துகொண்டால் மருத்துவமனைக் கட்டடங்களின் வரலாற்றில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

அதற்கு ஒரே ஒரு சாவி போதும். நோய் எங்கிருந்து வருகிறது என்று ஒரு காலத்து மக்கள் நம்பினார்களோ, அதற்கு எதிராகத்தான் அந்தக் காலத்து ஆஸ்பத்திரிச் சுவர்கள் எழும்பின. பாவத்தால் வருகிறது என்றால் கட்டடம் ஒரு மாதிரி. கெட்ட காற்றால் என்றால் வேறு மாதிரி. கிருமியால் என்றால் இன்னொரு மாதிரி.

கட்டிலில் இருந்து பலிபீடம்

பிரான்சில் பர்கண்டிப் பகுதியில் போன் என்று ஒரு சிற்றூர். அங்கே 1443இல் நிக்கொலா ரோலன் என்ற அரசு அதிகாரி ஏழைகளுக்கு ஒரு மருத்துவமனை நிறுவினார். பல வண்ண ஓடுகள் வேய்ந்த அதன் கூரையைப் பார்க்கவே இன்று சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். கூரையை விட்டுவிட்டு உள்ளே பெரிய கூடத்தைப் பார்ப்போம். சுமார் 50 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம், 16 மீட்டர் உயரம். இரு சுவரோரமும் திரைச்சீலை போட்ட மரக் கட்டில்கள். கூடத்தின் ஒரு கோடியில் தடுப்புக்கு அப்பால் சிற்றாலயம். பூசை நடக்கும்போது நோயாளி எழுந்திருக்க வேண்டியதில்லை, படுத்தபடியே பங்கெடுக்கலாம். பலிபீடத்துக்கு மேல் ரோகியர் வான் டெர் வெய்டன் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம். நல்லவர்கள் ஒரு பக்கம் மோட்சத்துக்கும், கெட்டவர்கள் மறுபக்கம் நரகத்துக்கும் போகிற காட்சி. காய்ச்சலில் கிடப்பவன் கண்ணுக்கு எதிரே இதை யாராவது மாட்டுவார்களா என்று நமக்குத் தோன்றும். கட்டியவர்களுக்கு அதில் குழப்பமே இல்லை. உடம்பு பிழைப்பது கடவுள் சித்தம். ஆன்மாவைக் கரைசேர்ப்பதே மருத்துவமனையின் வேலை. அதனால் கட்டடமும் ஒரு தேவாலயத்தின் நடுக்கூடம்போலவே அமைந்தது.

இத்தாலியில் இதே கருத்து வேறு உருவம் எடுத்தது. மிலானில் 1456இல் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸா கோமகனுக்காக ஃபிலரேத்தே என்ற கட்டடக் கலைஞர் பெரிய மருத்துவமனை ஒன்றை வரைந்தார். கூடங்கள் சிலுவை வடிவத்தில் ஒன்றையொன்று வெட்டும். சந்திக்கும் இடத்தில் பலிபீடம். ஆக, நான்கு கைகளில் எதில் படுத்திருந்தாலும் அது கண்ணில் படும். அதோடு ஃபிலரேத்தே ஒரு கெட்டிக்கார வேலையும் செய்தார். கட்டில்களுக்குப் பின்னால் கழிப்பறைகளை வைத்து, அவற்றின் அடியில் வாய்க்கால் வெட்டி, நகரக் கால்வாய்த் தண்ணீர் கழிவை அடித்துக்கொண்டு போகும்படி செய்தார். ஆன்மாவுக்குப் பீடம், மலத்துக்கு வாய்க்கால். இரண்டையும் ஒரே வரைபடத்தில் யோசித்த ஆளை எனக்குப் பிடிக்கும். அந்தக் கட்டடம் இன்று மிலான் பல்கலைக்கழகம்.

ஐரோப்பாவுக்கு வெளியே வழிகள் வேறாக இருந்தன. கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனை நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் திறந்த கூடங்களோடு, ஓடும் தண்ணீரோடு அமைந்தது. துருக்கியின் எடிர்னேயில் 1488இல் எழுந்த சுல்தான் இரண்டாம் பாயசித்தின் மருத்துவமனை வளாகத்தில் குவிமாடத்தின் கீழே நீரூற்று ஒன்று உண்டு. மனநோயாளிகளுக்கு அங்கே இசை கேட்பிக்கப்பட்டதாகப் பயணி எவ்லியா செலெபி எழுதியிருக்கிறார். இலங்கையின் மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டு விகாரை மருத்துவமனையின் அடித்தளம் இன்னும் இருக்கிறது. நடுவே முற்றமும் வழிபாட்டிடமும், சுற்றிலும் சின்னச் சின்னத் தனி அறைகள், பக்கத்தில் ஆள் வடிவத்திலேயே குடைந்த கல் மருந்துத் தொட்டி. நம் பக்கத்தில் காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 15 கட்டில்கள் கொண்ட ஆதுலர்சாலையை, அதாவது மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. மருத்துவர், சல்லியக்கிரியை என்ற அறுவை வேலை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், பணிப்பெண்கள் என்று ஆள் கணக்கும் மருந்துக் கணக்கும் அதில் உண்டு.

இவற்றில் மிகிந்தலைத் தனி அறைகளை மட்டும் ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு அறை என்ற அந்த ஏற்பாட்டுக்கு ஐரோப்பிய மருத்துவமனைகள் வந்துசேர ஆயிரம் ஆண்டுக்குப் பக்கமாக ஆயிற்று.

ஒரு கட்டிலில் நாலு பேர்

பெவிலியன் கதை ஒரு தீ விபத்தில் தொடங்குகிறது. பாரிஸில் நோத்ர தாம் தேவாலயத்தை ஒட்டி, செய்ன் ஆற்றங்கரையில் ஓத்தெல் தியூ என்ற மருத்துவமனை. நூற்றாண்டுக்கொரு கட்டடமாக ஒட்டிக்கொண்டே வளர்ந்து, இடம் போதாமல் ஆற்றைத் தாண்டி மறுகரைக்கும் போனது. 1772 டிசம்பர் 29 இரவு அங்கே தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்தது. அதே இடத்தில் திரும்பக் கட்டுவதா, ஊருக்கு வெளியே கொண்டுபோவதா என்ற சண்டை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் அறிவியல் கழகம் ஒரு குழு போட்டது. அதில் இருந்த பெயர்களைப் பாருங்கள்: வேதியியலுக்கு லவாய்சியே, கணிதத்துக்கு லாப்லாஸ், மின்னூட்டத்தின் அலகாக இன்றும் நாம் பெயர் சொல்லும் கூலும்ப். இவர்களோடு ஜாக் தெனோன் என்ற அறுவை மருத்துவர்.

தெனோன் எல்லாவற்றையும் எண்ணும் மனிதர். ஓத்தெல் தியூவின் கட்டில்களையே எண்ணினார். மொத்தம் 1,219. அதில் ஒருவர் படுக்கும் சிறிய கட்டில் 486. மிச்சம் 733 பெரிய கட்டில்கள். அதில் நாலு பேர், நெருக்கடியில் ஆறு பேர் படுத்தார்கள், தலைமாடு கால்மாடாக. அம்மைக்காரரும் காய்ச்சல்காரரும் ஒரே போர்வையில். பக்கத்தில் படுத்தவர் செத்துவிட்டதே சற்றுக் கழித்துத்தான் தெரியும். உள்ளே போனவர்களில் நான்கரைப் பேருக்கு ஒருவர் பிணமாகத்தான் வெளியே வந்தார் என்று 1788இல் அவர் வெளியிட்ட அறிக்கை சொன்னது. வேறு ஊர் மருத்துவமனைகளில் சாவு இதில் ஒரு சிறு பங்குதான் என்பதையும் அவர் பக்கத்திலேயே எழுதிவைத்தார். ஆக, நோய் மட்டும் கொல்லவில்லை, கட்டடமும் சேர்ந்து கொல்கிறது.

1787இல் தெனோனும் கூலும்பும் இங்கிலாந்துக்குப் போனார்கள். பிளிமத் துறைமுகத்தில் கடற்படைக்காக 1760களில் கட்டி முடித்த ஸ்டோன்ஹவுஸ் மருத்துவமனை அவர்களை அசத்திவிட்டது. ஒரே பெரிய மாளிகையாகக் கட்டாமல் தனித்தனிக் கட்டடங்களாகப் பிரித்து, நடுவே வெட்டவெளி விட்டு, தூண் வரிசை போட்ட நடையால் மட்டும் இணைத்திருந்தார்கள். ஒரு கட்டடத்துக் காற்று இன்னொன்றுக்குப் போகாது.

ஏன் காற்றைப் பற்றி இவ்வளவு கவலை? அந்தக் காலத்து மருத்துவத்தில் கிருமி என்ற கருத்தே இல்லை. அழுகல், சாக்கடை, நெருக்கமாகக் கிடக்கும் உடம்புகள் இவற்றிலிருந்து எழும் கெட்ட ஆவிதான் நோயைப் பரப்புகிறது என்று படித்தவர்களே நம்பினார்கள். நாற்றம் என்றால் நோய். அப்படியானால் மருந்து என்ன? காற்றை ஓடவிடுவது. கட்டடமே ஒரு காற்றுக் கருவியாக மாற வேண்டும்.

தெனோனின் அறிக்கை வந்த மறு ஆண்டே பிரெஞ்சுப் புரட்சி. திட்டம் அலமாரிக்குப் போனது. 1832இல் காலரா வந்து பாரிஸை உலுக்கிய பிறகே மறுபடி வெளியே வந்தது. 1854இல் திறந்த லாரிபுவாசியேர் மருத்துவமனையில் அதைக் கல்லில் பார்க்கலாம். நடுவே நீள் சதுர முற்றம். அதைச் சுற்றித் தூண் போட்ட நடை. நடையிலிருந்து இருபுறமும் சீப்பின் பற்களைப்போல வார்டுகள் நீண்டு நிற்கும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே தோட்டம். ஒவ்வொரு பல்லும் ஒரு பெவிலியன்.

நைட்டிங்கேல் கேட்ட அளவுகள்

லாரிபுவாசியேர் திறந்த அதே ஆண்டு நவம்பரில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில் ஸ்குட்டாரிக்கு வந்து இறங்கினார். கிரிமியப் போரில் அடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைப் போட்டுவைக்க துருக்கியப் படைக் குடியிருப்பு ஒன்றை மருத்துவமனை ஆக்கியிருந்தார்கள். பார்வைக்கு மாளிகை, அடியில் அடைத்துக்கிடந்த சாக்கடை. 1855 பிப்ரவரியில் அங்கே சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் சாகக் காரணம் குண்டுக்காயம் இல்லை, காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். மார்ச்சில் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு வந்து சாக்கடையைத் தோண்டிக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தண்ணீர் வரும் வழியில் கிடந்த செத்த குதிரையை அகற்றி, ஜன்னல்களுக்கு வழி செய்தது. ஜூனில் சாவு நூற்றுக்கு இரண்டு.

விளக்கேந்திய சீமாட்டியாக நாம் பள்ளிக்கூடத்தில் படித்த நைட்டிங்கேலைவிட, ஊர் திரும்பிப் புள்ளிவிவரப் படங்கள் வரைந்து அமைச்சர்களின் உயிரை வாங்கிய நைட்டிங்கேல்தான் இங்கே நமக்கு வேண்டியவர்.

போர் நடக்கும்போதே இன்னொரு சோதனையும் நடந்தது. ரயில்பாதைகளும் கப்பல்களும் கட்டிய புருனெல் என்ற பொறியாளர், இங்கிலாந்தில் மரத்துண்டுகளாக அறுத்துக் கப்பலில் ஏற்றி துருக்கியின் ரெங்கியோயில் பூட்டக்கூடிய மருத்துவமனை ஒன்றை வடிவமைத்தார். ஒரு குடிலுக்கு 50 பேர். நீண்ட நடை ஒன்றின் இருபுறமும் குடில்கள். தரைக்கு அடியில் காற்றைத் தள்ள விசிறி, வெயிலைத் திருப்ப உலோகத் தகடு வேய்ந்த கூரை. அங்கே சேர்ந்த சுமார் 1,300 பேரில் இறந்தவர்கள் 50 பேர்தான். இந்த எண்ணை ஸ்குட்டாரியோடு அப்படியே ஒப்பிட்டுப் பலர் எழுதுகிறார்கள், அது நியாயம் இல்லை. ரெங்கியோய்க்கு நோயாளிகள் வந்தது 1855 அக்டோபரில். கொடுமையான குளிர்காலமும் அதன் பட்டினியும் அதற்குள் முடிந்துவிட்டன. ஆனாலும் பெவிலியன் முறைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

1859இல் மருத்துவமனைகளைப் பற்றி நைட்டிங்கேல் எழுதிய நூல், நோயாளிக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதே மருத்துவமனையின் முதல் கடமை என்று தொடங்குகிறது. தெனோனின் கணக்குகளை நினைத்தால் அது எவ்வளவு பெரிய கோரிக்கை என்பது புரியும். அதற்கப்புறம் அவர் அளவுகளில் இறங்குகிறார். நம் நீள வார்டு அங்கேதான் பிறக்கிறது.

அகலம் 30 அடி. அதற்கு மேல் போனால் ஒரு பக்கத்து ஜன்னல் காற்று மறுபக்கம் போய்ச் சேராது, நடுவே தேங்கும். அதனால்தான் இரண்டே வரிசை கட்டில், இரண்டும் சுவரோரம். நடுவில் மூன்றாவது வரிசை போட்டால் கணக்கு கெட்டுவிடும். நம் ஊரில் நடு நடையிலும் பாய் விரிக்க வேண்டிய நிலை வந்தபோது கெட்டது அந்தக் கணக்குதான்.

இரண்டு கட்டிலுக்கு ஒரு ஜன்னலாவது வேண்டும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் தொடங்க வேண்டும், படுத்திருப்பவருக்கு வெளியே தெரிவதற்காக. கூரைக்கு ஓரடி கீழேவரை ஏற வேண்டும். சூடான கெட்ட காற்று மேலே போய் நிற்கும், ஜன்னல் பாதியில் நின்றுவிட்டால் அதற்கு மேலே உள்ள உயரம் அழுக்குக் காற்றின் கிடங்காகிவிடும். கூரை உயர்ந்தால் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

ஆளுக்குக் குறைந்தது 1,500 கன அடி இடம். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் 1,000 கன அடி, அதில் ஒன்றரைப் பங்கு. வார்டுக்கு 30 பேரை ஒட்டி. அதைவிடக் குறைந்தால் நர்ஸ் எண்ணிக்கை கட்டுப்படியாகாது, கூடினால் காற்று கெடும். வார்டுத் தலைவிக்கு வாசலருகே ஒரு சிற்றறை, அதில் வார்டைப் பார்க்கும் ஜன்னல். மொத்தக் கட்டிலும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். கழிப்பறையும் கழுவுமிடமும் கோடியில், அதுவும் நேரடியாக வார்டில் திறக்கக் கூடாது. நடுவே இருபுறமும் ஜன்னல் வைத்த சின்ன இடைவெளி, நாற்றம் அங்கேயே வெளியேறிவிடும்படி. சுவருக்கு எதையும் உறிஞ்சாத வெள்ளைச் சிமெண்டுப் பூச்சு. தரைக்கு மெழுகு தேய்த்த ஓக் மரம். கட்டில் இரும்பு, ஏனென்றால் மரம் ஈரத்தையும் அழுக்கையும் குடிக்கும். இரண்டு மாடிக்கு மேல் வேண்டாம். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே அவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி.

லண்டனில் நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையில் 1871இல் திறந்த செயின்ட் தாமஸ் மருத்துவமனை இந்த விதிகளின் பெரிய காட்சிப்பொருள். தேம்ஸ் நதிக்கரை நெடுக வரிசையாக நின்ற பெவிலியன்களில் பலவும் உலகப் போர்க் குண்டுகளிலும் பிறகு வந்த புதுக் கட்டடங்களிலும் போய்விட்டன. தென்கோடியில் சில மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

நம் ஊருக்கு வந்தது எப்படி என்றால், ராணுவத்தின் வழியாக. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் சுகாதாரத்தை ஆராய 1859இல் அரச ஆணையம் ஒன்று அமைந்து 1863இல் அறிக்கை கொடுத்தது. இந்தியாவில் கால் வைக்காமலே அதற்குப் பின்னால் இருந்து வேலை செய்தவர் நைட்டிங்கேல். படைக் குடியிருப்புக்கும் மருத்துவமனைக்கும் காற்று, இடைவெளி, வடிகால் பற்றிய கணக்குகள் அந்த வழியில் அரசாங்கக் கட்டடங்களுக்கு வந்து சேர்ந்தன. வெயில் நாட்டில் அதனுடன் அகலமான வராந்தாவும் சேர்ந்துகொண்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கெட்ட ஆவி என்ற கோட்பாடு தப்பு. நோய்க்குக் கிருமியே காரணம் என்று காட்டிய லூயி பாஸ்டர், ராபர்ட் காக் என்ற விஞ்ஞானிகள் அடுத்த சில பத்தாண்டுகளில் அதைக் கவிழ்த்துவிட்டார்கள். நைட்டிங்கேல் கிருமிக் கொள்கையை ஏற்கவே நெடுநாள் தயங்கினார். ஆனால் தப்பான காரணத்துக்காகக் கட்டிய கட்டடம் சரியாக வேலை செய்தது. கட்டில்கள் விலகியதால் தொற்று குறைந்தது. தண்ணீரும் சாக்கடையும் பிரிந்ததால் வயிற்றுப்போக்கு குறைந்தது. காற்றில் மிதக்கும் கிருமிகள் ஜன்னல் வழியே வெளியேறின.

வெயிலையே மருந்தாக்கிய கட்டடம்

கிருமி என்று தெரிந்த பிறகும் பெவிலியன் உடனே சாகவில்லை. பார்சிலோனாவில் தொமெனெக் இ மொந்தானேர் என்ற கட்டடக் கலைஞர் 1900களின் தொடக்கத்தில் ஆரம்பித்த சான்ட் பாவ் மருத்துவமனை 1930இல்தான் முடிந்தது. நகரத் தெருக்களுக்கு 45 பாகை திருப்பி வைத்த வளாகம், தோட்டத்துக்குள் தனித்தனிப் பெவிலியன்கள், அவற்றை இணைக்க நிலத்தடிப் பாதைகள். சுவரெல்லாம் பூவேலைப் பீங்கான் ஓடு. அழகுக்கு அழகு, துடைக்கவும் சுலபம். 2009வரை அங்கே நோயாளிகள் படுத்திருந்தார்கள்.

காசநோய்க்குக் கட்டடத்தின் மேல் வைத்த நம்பிக்கை இன்னும் பெரியது. 1882இல் காக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் கொல்ல மருந்து இல்லை. ஓய்வு, சத்தான உணவு, சுத்தமான காற்று, வெயில் என்று நாலைத்தான் மருத்துவர் எழுதிக்கொடுக்க முடியும். அதில் இரண்டைக் கட்டடம்தான் தர வேண்டும். அப்படி எழுந்தவை சானடோரியங்கள். தாம்பரத்தை அடுத்து மின்சார ரயில் நிற்கும் சானடோரியம் நிலையத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தில் காசநோய் சானடோரியம் நடத்திய மருத்துவர் சௌரி முத்து 1928இல் இங்கே தொடங்கியது அது.

சானடோரியங்களில் எல்லாரும் பேசுவது பின்லாந்தின் பைமியோ. 1929இல் போட்டியில் வென்று ஆல்வர் ஆல்டோ வடிவமைத்தது, 1933இல் திறந்தது. கட்டடங்கள் எப்போதும் நிற்கிற ஆளை மனதில் வைத்து வரையப்படுகின்றன, இங்கே இருப்பவனோ படுத்திருக்கிறவன் என்பதை ஆல்டோ பிடித்துக்கொண்டார். மாதக்கணக்கில் மல்லாந்து கிடப்பவன் கண்ணில் படுவது கூரை. ஆகவே கூரைக்கு வெள்ளை அடிக்காமல் கண்ணை உறுத்தாத பச்சை. விளக்கு படுத்திருப்பவரின் நேர்ப்பார்வையில் விழாது. சூடு கூரைத் தகட்டிலிருந்து வரும், தலைக்கு இல்லாமல் காலுக்கு. அறைக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு கைகழுவும் தொட்டி. தண்ணீர் சத்தம் இல்லாமல் சாய்வாக விழும்படி அந்தத் தொட்டியையே தனியாக வார்த்தார்கள், ராத்திரி ஒருவர் கை கழுவினால் மற்றவர் விழிக்கக் கூடாது என்று. ஜன்னல் இரட்டைக் கண்ணாடி. குளிர் காற்று நேரே முகத்தில் அடிக்காமல் இரண்டுக்கும் நடுவே சுற்றிச் சூடேறி உள்ளே வரும். கதவுக் கைப்பிடியில் டாக்டரின் கோட்டுக் கை மாட்டிக்கொள்ளாதபடிக்கூட வளைத்திருந்தார். ஒட்டுப்பலகையை வளைத்துச் செய்த சாய்வு நாற்காலி இன்று விலை உயர்ந்த வரவேற்பறைகளில் கிடக்கிறது. அது மூச்சு வாங்கச் சிரமப்படும் நுரையீரலுக்காகச் சாய்த்த நாற்காலி.

இவ்வளவு நுட்பமாகக் கட்டிய வகையறாவுக்கே முடிவு எழுதிய இடங்களில் ஒன்று சென்னை என்பது பலருக்குத் தெரியாது. காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டுபிடிக்கப்பட்டது, ஐசோநியாசிட் என்ற இன்னொரு மருந்து 1952இல் புழக்கத்துக்கு வந்தது. மருந்து இருக்கும்போது சானடோரியம் எதற்கு என்ற கேள்வியை 1956இல் தொடங்கிய சென்னை ஆய்வு நேருக்கு நேர் சோதித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நாலும் சேர்ந்து நடத்தியது. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஓராண்டு சானடோரியம்: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. மறுபாதிக்கு அதே மாத்திரைகள், ஆனால் நெருக்கமான சொந்த வீட்டில், கிடைத்த சாப்பாட்டோடு.

1959இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியது. வீட்டில் 86 பேருக்கு. பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவும் இல்லை. ஆயிரக்கணக்கான கட்டில்களைக் கட்ட முடியாத நாடுகளுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று யோசித்துப் பாருங்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் பொது மருத்துவமனைகளாகவும் விடுதிகளாகவும் மாறத் தொடங்கின. பைமியோவும் பிறகு பொது மருத்துவமனை ஆனது. அந்த ஆய்வை நடத்திய மையம் சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இன்றும் இயங்குகிறது.

லிஃப்டும் ஏசியும்

குணமாக்குவது மருந்தின் வேலை ஆனதும் கட்டடத்தின் தோளிலிருந்து அந்தச் சுமை இறங்கியது. பெவிலியனின் குறைகளும் அப்போது உறுத்த ஆரம்பித்தன. ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். நர்ஸ் ஒரு நாளில் மைல் கணக்கில் நடக்க வேண்டும். எக்ஸ்ரே, ஆய்வகம், ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் விலை ஏறிய சாமான்கள், பெவிலியனுக்கு ஒன்றாக வாங்கிவைக்க முடியாது, ஓரிடத்தில் வைத்து நோயாளியைக் கொண்டுவர வேண்டும். லிஃப்டும் இரும்புச் சட்டகமும் இருந்ததால் படுக்கைவாக்கில் கிடந்த மருத்துவமனையை எழுப்பி நிறுத்த முடிந்தது. நியூயார்க்கில் 1928இல் திறந்த கொலம்பியா பிரெஸ்பிட்டேரியன் வளாகம் இருபது மாடியைத் தாண்டியது. ஏசி வந்தபின் அறைக்கு ஜன்னல் வேண்டும் என்ற கட்டாயமும் போய்விட்டது. கட்டடம் எவ்வளவு தடிமனாக வேண்டுமானாலும் இருக்கலாம், நடுவே உள்ள அறைகளுக்கு வெளிச்சமே எட்டாவிட்டாலும். கீழே நாலு மாடிக்குப் பரந்த அடித்தளத்தில் தியேட்டரும் ஸ்கேனும், மேலே வார்டுகள் அடுக்கிய கோபுரம் என்ற இன்றைய பெருமருத்துவமனையின் உருவம் இப்படித்தான் வந்தது.

தனி அறையும் இந்தக் காலத்தில்தான் பரவலானது. தொற்றுக்கும் மானத்துக்கும் அது நல்லது, மறுப்பில்லை. ஆனால் 30 கட்டிலை ஒரு பார்வையில் பார்த்த நர்ஸ் இப்போது 30 கதவைத் திறந்து பார்க்க வேண்டும். விழுந்துகிடப்பவரை முதலில் கண்டு குரல் கொடுக்கும் பக்கத்துக் கட்டில்காரரும் இல்லை. அந்த இடத்தை மணியும் கேமராவும் மானிட்டரும் நிரப்புகின்றன. நம் ஊரில் கூடவே தங்கும் உறவினரும்தான். அந்தத் துணையாள் உறங்க ஒரு இடத்தை எந்த வரைபடமும் ஒழுங்காக யோசித்ததாகத் தெரியவில்லை.

ஜன்னல் வெறும் அலங்காரம் என்று ஆனபிறகு, இல்லை என்று எண்களோடு சொன்னவர் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் 1972 முதல் 1981 வரையான பதிவேடுகளைப் புரட்டி, பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில் 23 ஜோடிகளைப் பொருத்தி எடுத்தார். ஜோடியில் ஒருவருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மற்றவருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். கடுமையான வலி மருந்தும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984இல் வந்த சின்ன ஆய்வுதான், 46 பேர்தான், ஒரே மருத்துவமனைதான். ஆனால் அதற்குப் பிறகு நோயாளி கண்ணில் என்ன படுகிறது என்ற கேள்வியைக் கட்டடக்காரர்கள் ஒதுக்கித்தள்ள முடியவில்லை.

காற்றுக் கணக்கும் திரும்பி வந்தது. பெருவின் தலைநகர் லிமாவில் எட்டு மருத்துவமனைகளின் 70 அறைகளில் காற்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று அளந்த ஆய்வு 2007இல் வெளியானது. ஜன்னல்களைத் திறந்துவைத்தபோது, 1950க்கு முன்பு கட்டிய உயர்ந்த கூரை, பெரிய ஜன்னல் கொண்ட பழைய வார்டுகளில் மணிக்கு 40 தடவை அறைக் காற்று முழுதாக மாறியது. ஜன்னலை நம்பிக் கட்டிய புதிய கட்டடங்களில் 17 தடவை. இயந்திரம் வைத்துக் காற்று செலுத்திய அறைகளில் 12 தடவை. மருந்து எடுக்காத காசநோயாளிகளோடு ஒரு நாள் இருந்தால் எத்தனை பேருக்குத் தொற்றும் என்று அதை வைத்துக் கணக்குப் போட்டார்கள். இயந்திரக் காற்று அறைகளில் நூற்றுக்கு 39, புதிய ஜன்னல் கட்டடங்களில் 33, பழைய வார்டுகளில் 11. இந்த எண்கள் லிமாவின் இதமான தட்பவெப்பத்தில் கிடைத்தவை. மே மாத வேலூரிலோ கொசு மொய்க்கும் அடைமழை நாளிலோ யாரும் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்க மாட்டார்கள். வெளிக்காற்றே புகையாக இருக்கும் ஊரில் திறந்த ஜன்னல் வேறு நோயைக் கொண்டுவரும். அதனால் இப்போது வரைபவர்கள் இரண்டையும் கலக்கிறார்கள். தியேட்டருக்கும் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கும் வடிகட்டிய இயந்திரக் காற்று. காசநோய், நெஞ்சுநோய் வார்டுகளுக்கும் வெளிநோயாளிகள் காத்திருக்கும் இடத்துக்கும் எதிரெதிர் ஜன்னல், உயர்ந்த கூரை, குறுகிய அகலம்.